திண்ணைக் கணக்கும் தேர்ச்சிக் கணக்கும்

ஒரு பள்ளியின் தகுதியை அளக்கப் புகுவோர் இந்நாளில் முதற்கண் வினவுவது, அங்குப் பயில்வோருள் எத்துணைப் பேர் தேறினர் என்பதேயாம். அப்பள்ளிக்கு யார் வீட்டுப் பிள்ளைகள் வருகின்றனர், யார் வீட்டுப் பிள்ளைகள் வாராது நின்றனர் என்னும் வினா அத்துணை எளிதில் எழுவதில்லை. பின்னதே முற்பட எழவேண்டிய வினாவென்பதும், அதனை விடுத்து முன்னதையே பற்றிநிற்றலால் ஏழை மக்கள் பயிலும் ஊர்ப் பள்ளிகட்குத் தகாத பழி வந்து சேர்கின்றதென்பதும் எம் கருத்து. சோழவளநாட்டின் கல்வி வரலாற்றைக் கொண்டே இதனை ஈண்டு விளக்கப் புகுகின்றாம்.

தஞ்சை நாட்டின் ஆட்சி 1799ஆம் ஆண்டில் கும்பினியார் கைக்கு மாறிற்று. பின்னர் 1822 ஜூன் மாதம் 25ஆம் நாள், சென்னை கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளையெல்லாம் எண்ணிக் கணக்கெழுதி அனுப்புமாறு ஜில்லாக் கலெக்டர்களைப் பணிக்க வேண்டுமென்று குறிப்பெழுதினார். பயில்வோர் இன்னின்ன வகுப்பினர், ஆண் இத்துணை, பெண் இத்துணை எனப் பிரித்துக் காட்டவேண்டுமென்பது அக்கணக்கின் அமைப்பு. படிக்கும் சுவடிகள் யாவை, எத்துணைக் காலம் பயில்வர், ஆசிரியர்க்குக் கொடுப்பது யாது என்பனவும் வினவப்பட்டன. யார் வந்து அமர்ந்தனர் என்று கேட்டமையே அக்கணக்கின் சிறப்பென்போம்.

விடைகளைத் தொகுத்து 1826 மார்ச்சு மாதத்தில் மன்றோ எழுதிய குறிப்பின்படி, மாகாணத்துப் பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650, மக்கள் தொகை 1,28,50,941. ஒரு பள்ளிக்குச் சராசரி பதினைந்து பிள்ளைகளே. ஐந்து முதல் பத்து வயதுவரையுள்ள ஆண்மக்களுள் நால்வரில் ஒருவர்க்குச் சற்று மிகையாகவே பள்ளியேறினர் என்று அவர் கணித்தார். வீட்டிலேயே கற்றோரையும் கூட்டின் அது மூவரில் ஒருவரை நெருங்கும் என்பதும் அவர் கருத்து. தஞ்சாவூர் ஜில்லாவில் மட்டும் 884 பள்ளிகளும், வேத சாத்திரங்கள் பயிற்றும் 109 உயர்நிலைக் கழகங்களும் இருந்தனவாகக் கலெக்டர் எழுதினார். காவிரி பாயும் நாட்டில் நெல் விளைந்தவாறே எழுத்தும் விளைந்ததென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

அப்பள்ளிகள் பெரும்பாலும் திண்ணையில் நடந்தவை. மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கொண்டு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு முதலியன பயில்வர். முற்படக் கற்றவன் சட்டாம்பிள்ளையாய் நின்று பின்வந்தோர்க்குக் கற்பிப்பன். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அங்கு வளர்த்து, 1797இல் நூலாக வெளியிட, அது ஆங்கில நாட்டில் 'சென்னை முறை' என்றே பெயர்பெற்றது. உத்தமதானபுரத்தில் வளர்ந்த மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்களும் தம் இளமைப் பள்ளி வாழ்வைத் தம் சரித்திரத்தில் இனிது விரித்துரைத்துள்ளார்கள். திண்ணையில் ஆண்டுத் தேர்வென்பது இல்லை; அவனவன் ஏட்டில் அவனவன் சென்ற தொலைவே அவனவன் தேர்ச்சி.

இனி, அமர்ந்தோர் யாவர்? தமிழ் வழங்கும் ஜில்லாக்களில், அரசாங்கத்தார் 'சூத்திரர்' என்றும் 'பிற சாதியார்' என்றும் தலைப்பிட்டெழுதிய வகுப்புகளின் பிள்ளைகளே நூற்றுக்கு எழுபது முதல் எண்பத்து நான்கு வரை இருந்தனர். கல்வி ஒரு வகுப்பார்க்கே உரியதாயிருந்தது என்னும் கூற்று இதனால் தளர்கின்றது. இதனைக் கண்டு நம்மனோர் மகிழ்தல் இயல்பே. ஆயினும் அம்மகிழ்ச்சியோடு நின்றுவிடுதல் தகாது. அதே கணக்கில் பயின்ற பெண்மக்கள் மாகாண முழுதும் 4,540 பேரேயாவர். அவருள்ளும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மலையாள ஜில்லாவின் முகம்மதியச் சிறுமியர். 'பிற சாதியார்' என்னும் ஒரே பத்தியில் பல மக்கள் ஒன்றாய் அடக்கப்பட்டமையால், வயலில் உழைத்த பண்ணையாட்களின் பிள்ளைகள் எத்துணைப் பேர் என்பது வெளிப்படாது மறைந்துபோயிற்று. நாற்றுப் பறித்தும் மாடு மேய்த்தும் அப்பிள்ளைகள் நாட்கழிக்க, அவர் ஏறுதற்குரிய திண்ணை பெரும்பாலான ஊர்களில் இல்லை. தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சட்டத்தின் காவல் கிட்டியதே 1952ஆம் ஆண்டிலன்றோ!

பிற்காலத்து அரசாங்கத்தார் கணக்கின் நோக்கத்தையே மாற்றினர். இங்கிலாந்தில் 1862 முதல் நடந்த முறையைத் தழுவி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தும் 'பலனுக்குத் தக்க உதவித்தொகை' என்னும் ஏற்பாடு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து எழுத்தும் வாசிப்பும் கணக்கும் சோதிப்பார். தேறிய பிள்ளையின் அளவே பள்ளிக்குப் பணம். மேத்யூ ஆர்னால்டு என்னும் ஆங்கிலப் புலவர் தாமே பள்ளி இன்ஸ்பெக்டராயிருந்தும் அம்முறையைக் கண்டித்தார். தேறாத பிள்ளையால் வருவாயில்லையெனின், மெலிந்த பிள்ளையை ஆசிரியர் எங்ஙனம் விரும்பி அழைப்பர்? அம்முறை ஒழிந்தது, அதன் மனப்பான்மை இன்னும் ஒழிந்தபாடில்லை.

ஓர் உவமை கூறுவாம். ஓர் ஊர்ப் பள்ளியில் இருபது பிள்ளைகள் பயில்வதாகவும், அவருள் பதினெண்மர் தேறியதாகவும் கொள்க. தேர்ச்சி நூற்றுக்குத் தொண்ணூறு. மறு ஆண்டு, எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளைகள் இருபதின்மர் புதிதாய்ச் சேர, அவருள் பதின்மர் தேறினர். நாற்பதின்மருள் தேறியோர் இருபத்தெண்மர். தேர்ச்சி எழுபதாய் இறங்கிற்று. பள்ளி கெட்டதென்பர் ஊரார். உண்மையிலோ, எழுத்தறிந்தோர் பதினெண்மரிலிருந்து இருபத்தெண்மராயினர்! வகுப்பறையில் நின்று பல்லாண்டு கண்டறிந்த ஆசிரியரெவரும் இவ்வுவமையைப் பொய்யென்னார்.

வாராத பிள்ளையை வரவழைத்த முயற்சிகளே நம் நாட்டுக் கல்வி வரலாற்றின் சிறந்த பகுதியாகும். 1920இல் சென்னை நகராண்மைக் கழகத்தார் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகட்கு உணவளித்தனர். 1956இல் காமராசர் மதிய உணவை நாடெங்கும் பரப்பினார். 1982இல் அது சத்துணவாய் விரிந்தது. 2022இல் காலை உணவும் தொடங்கிற்று. 2009ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியைப் பிள்ளையின் உரிமையாகவே ஆக்கிற்று. பசித்த பிள்ளை உள்ளே வந்தமையால் சராசரி சிறிது தாழினும் அது பள்ளிக்கு இழுக்கன்று; பள்ளி தன் கடமையைச் செய்தமைக்கு அதுவே அடையாளம்.

ஆதலின், நம் சங்கத்து அன்பர்கட்கு யாம் கூறுவது ஒன்றே. உங்கள் ஊர்ப் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கைக் காணும்பொழுது சேர்க்கைக் கணக்கையும் உடன் காண்மின். அறுவடை நாட்களில் எந்தத் தெருவின் பிள்ளைகள் வாராதொழிகின்றனர், எவ்வகுப்பளவில் பெண்மக்கள் நின்றுவிடுகின்றனர் என்று வினவுமின். நம் சங்கம் பரிசளிக்குங்கால், முதன்மதிப்பெண் பெற்ற பிள்ளையோடு, தன் குடியில் முதன்முதல் பள்ளியேறிய பிள்ளையையும், அப்பிள்ளை எம்மரபினதாயினும், அழைத்துச் சிறப்பித்தல் வேண்டும். அன்று கணக்கில் மறைந்துபோன பிள்ளை இன்று நம் கண்ணெதிரே நிற்கின்றது. அதனை எண்ணாது விடுதல் நமக்கு அழகன்று.