மஸ்டர் ரோலின் கதை

சென்னை–திருச்சி சாலையில் போகிறவர்களுக்கு வேப்பூர் கூட்டுரோடு ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். ஆனால் 2006 பிப்ரவரி 2 அன்று நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் தொடங்கிய 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மானாவாரியை நம்பி இருக்கிற இந்தப் பக்கத்துப் பெண்கள் அதை 'ஏரி வேலை' என்றுதான் சொல்றாங்க.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. மஸ்டர் ரோல்: யார் எத்தனை நாள் வேலை பார்த்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்று எழுதிக் கைநாட்டு வாங்கும் தாள். ராஜஸ்தானில் 1990-இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊரைக் கூட்டி அரசுக் கணக்கைச் சத்தமாக வாசித்தது. இப்படி நடந்த கூட்டங்களில் வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முடிந்ததாகக் கணக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கேட்டவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரம் எங்கே இருந்தார் என்று தெரியும். எந்த ஆடிட்டருக்கும் அது தெரியாது, பாருங்க.

அதிகாரிகள் உஷாரானார்கள். பார்க்க வேண்டுமானால் பாருங்கள், நகல் கிடையாது என்றார்கள். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது இந்த நகலுக்காகத்தான். ஒரு ஜெராக்ஸ் மிஷினுக்கு அத்தனை அரசியல் இருந்தது!

நம்ம தமிழ்நாட்டில் 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. விதிவிலக்குகள் ஏராளம், பின்னால் இயக்கமும் இல்லை. பெரிசா யாருக்கும் ஞாபகமில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வேலை உறுதிச் சட்டமும் வந்தது, கிராம சபையே கணக்கைத் தணிக்கை செய்யும் என்ற 17-ஆம் பிரிவோடு.

பிறகு கேமரா திசை மாறியது. 2021 மே மாதம் வருகைப் பதிவுக்கு ஒரு மொபைல் செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். பணித்தளப் பொறுப்பாளர் வேலையாட்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் அவஸ்தை அதிகாரிக்கு இல்லை, மண் சுமந்தவருக்கு. மோசடியாவது நின்றதா? பழைய படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025-இல் அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஏழைகள் அரசைக் கண்காணிக்கப் பிறந்த கருவி, ஏழைகளைக் கண்காணிக்கும் கருவியானது என்பதே என் வாசிப்பு.

ஆனால் அந்தப் பழைய தாளும் இணையத்துக்கு வந்துவிட்டது. கடலூர், நல்லூர் ஒன்றியம், ஊராட்சி என்று தட்டிக்கொண்டே போனால் பெயர் வாரியாக வேலை நாட்கள் வரும். கூலி 15 நாளுக்குள் வர வேண்டும் என்பது சட்டம். வந்ததா என்று தேதியை வைத்தே சொல்லிவிடலாம். மே 1 கிராம சபைக்கு ஒருவர் அதைப் பிரின்ட் எடுத்து வந்து வாசித்தால், அரை மணி நேரம் ஆகலாம்.