பெருங்குடலுக்கென ஒரு கரைசல்: வேலூர் மாவுச்சத்து ஆய்வின் வரலாறு

வாயால் உட்கொள்ளும் மருந்து குடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு, எத்தனை நேரத்தில் உறிஞ்சப்படும் என்று கணித்து அதற்கேற்ப மருந்தை வடிவமைப்பது இன்றைய மருந்தியலின் வழக்கம். இதற்கான கணித மாதிரிகளுள் 1996இல் வெளியான ஒன்று சிறுகுடலை ஏழு அறைகளாகப் பிரித்துக் கணக்கிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், குடல் இயங்கும் முறையை நோயாளிகளிடமே அளந்து, நன்கு அறிந்த ஒரு மருந்தை மாற்றியமைத்தவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள்.

வேலூருக்கு இக்கேள்வி புதிதன்று. வாலாஜாபேட்டையும் ஆம்பூரும் அடங்கிய அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில் 1960களின் தொடக்கத்தில் ஸ்புரூ கொள்ளைநோயாகப் பரவியது. உண்ட உணவின் சத்து உறிஞ்சப்படாமல் வெளியேறி உடல் உருகும் நோய் அது. செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்து 1968இல் எழுதினர். குடல் எதை உறிஞ்சுகிறது, எதைத் தவறவிடுகிறது என்று அளக்கும் மரபு வேலூரில் இவ்வாறு வேரூன்றியது.

காலராவில் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. சிறுகுடல் குளுக்கோசை ஏற்கும்போது சோடியத்தையும் சேர்த்தே இழுக்கிறது, நீர் பின்தொடர்கிறது. காலரா நச்சு இவ்வழியை அடைப்பதில்லை என்பதால்தான் உப்பு-சர்க்கரைக் கரைசல் பலனளிக்கிறது. ஆனால் அது உயிரைக் காக்குமே தவிர பேதியை நிறுத்தாது. பேதி நிற்காததைக் காணும் வீட்டார் கரைசலால் பயனில்லை என்று நினைத்துவிடக்கூடும். இக்குறை சிறியதன்று.

கரைசல் தொடாத இடம் பெருங்குடல். அங்கே குளுக்கோசு வழி இல்லை. ஆனால் அங்கு வாழும் நுண்ணுயிரிகள் மாவுச்சத்தை நொதிக்கச்செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை சோடியத்தையும் நீரையும் உள்ளிழுக்கத் தூண்டும். கடும் பேதியில் பெருங்குடலின் நீர் உறிஞ்சல் கெடுவதையும், இவ்வமிலங்களை அளித்தால் அது சீர்படுவதையும் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மாத்தனும் 1993இல் காட்டினர். அமிலங்களைக் குடிக்கக் கொடுத்தால் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடையும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. அமைலோசு மிகுந்த மக்காச்சோள மாவுச்சத்து அதற்குப் பொருந்தியது. (சமைத்து ஆறவைத்த சோற்றிலும் இத்தகைய மாவுச்சத்து ஓரளவு உருவாகும், ஆனால் வேலூரில் சோதிக்கப்பட்டது பழைய சோறு அன்று.)

வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களுமாக 48 காலரா நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல். மற்றொன்றுக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தது. மூன்றாவதற்கு அதே அளவு செரிக்காத மாவுச்சத்து சேர்த்தது. பேதி நீடித்த சராசரி நேரம் முறையே 90.8, 70.8, 56.7 மணி. அரிசி மாவு பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடுவது என்பதால் இந்த ஒப்பீடு முக்கியமானது. குழுவுக்கு 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும் வேறுபாடு தெளிவாகவே இருந்தது. அமெரிக்காவின் ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோரும் பங்கேற்ற இவ்வாய்வு 2000ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது.

2002இல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் சவ்வூடு அடர்த்தியை 311இலிருந்து 245 அலகாகக் குறைத்தது. அப்புதிய கரைசலிலும் மாவுச்சத்தைச் சோதித்த வேலூர்க் குழுவினர் 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். நிறுவனத்தின் வாய்பாட்டில் இன்றும் இருப்பது குளுக்கோசுதான்.