மூத்த பெண்களின் எலும்பு வலிமை: மதிப்பீட்டு முறைகளின் வரலாறு

மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. எலும்புப்புரை எனப்படும் இந்நோய் வலியின்றி வளரும். பலருக்கு முதல் அறிகுறியே எலும்பு முறிவுதான். எனவே முறிவை முன்கூட்டியே கணிக்கும் முறைகள் தேடப்பட்டன.

தொடக்கம்

மாதவிடாய் நிற்பதற்கும் எலும்புப்புரைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941-இல் விளக்கினார். அக்காலத்தில் எக்ஸ்ரே படம் மட்டுமே துணை. எலும்புச் சத்து கணிசமாகக் குறைந்த பின்னரே அதில் மாற்றம் தெரியும்.

சிங் குறியீடு

மன்மோகன் சிங், நாக்ரத், மைனி ஆகியோர் 1970-இல் ஒரு முறையை வெளியிட்டனர். தொடை எலும்பின் மேல்முனைக்குள் இருக்கும் வலைப்பின்னல் கோடுகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் மறைகின்றன. அதைக் கொண்டு எலும்பை ஆறு நிலைகளாகப் பிரித்தனர். ஆறாம் நிலை இயல்பானது. மூன்றும் அதற்குக் கீழும் எலும்புப்புரை. சாதாரண எக்ஸ்ரே போதும் என்பது இதன் பலம். ஒரே படத்துக்கு இரு மருத்துவர்கள் வேறுவேறு நிலை சொல்ல நேர்வது இதன் குறை.

டெக்சா

இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா கருவி 1980-களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் எண் டி-ஸ்கோர். அது -2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எலும்புப்புரை என உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது.

இடுப்பெலும்புக்கான ஒப்பீட்டு அளவு அமெரிக்க வெள்ளையினப் பெண்களிடமிருந்து பெறப்பட்டது. மேலும், டெக்சா எலும்பை நிழல்போலத் தட்டையாகவே காண்கிறது. அதனால் சிறிய எலும்பு உண்மையைவிட அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். சிறிய உடலமைப்பு கொண்ட இந்தியப் பெண்களுக்கு இது முக்கியமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல்மைய ஆய்வு 2010-இல் இந்தியருக்கான அளவுகளை வெளியிட்டது.

வேலூர் ஆய்வு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு 2008-இல் வெளியானது. அதில் 50 வயதைக் கடந்த, நடமாட்டமுள்ள 150 பெண்கள் சோதிக்கப்பட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. வெயில் மிகுந்த ஊராயினும் பாதிப் பேருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது.

அடர்த்திக்கு அப்பால்

முறிவு ஏற்படும் பெண்கள் பலரின் டி-ஸ்கோர் -2.5-க்கு மேலேயே இருக்கிறது. எனவே 2000-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, எலும்பு வலிமை என்பது அடர்த்தியும் தரமும் சேர்ந்தது என்றது. 2008-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழுவினர் ஃபிராக்ஸ் கணிப்பானை வெளியிட்டனர். வயது, எடை, முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, ஸ்டீராய்டு மருந்து முதலியவற்றைக் கொண்டு அடுத்த பத்தாண்டு முறிவு வாய்ப்பை அது கணிக்கிறது. இந்தியாவுக்கும் தனிக் கணிப்பு உண்டு.

ஃபிராக்ஸ் கணிப்புக்கு டெக்சா கட்டாயமில்லை. குமரி மாவட்டத்து இனயம் போன்ற கடலோர ஊர்களில், மீன்கூடை சுமந்து உழைத்து மூத்த பெண்களுக்கும் உள்ளூர் மருத்துவமனையிலேயே சில கேள்விகளால் முதல்கட்ட மதிப்பீடு செய்யலாம். ஆனால் கீழே விழும் வாய்ப்பை இக்கணிப்பு நேரடியாகக் கணக்கில் கொள்வதில்லை. பார்வைக் குறைவு, தள்ளாட்டம், வழுக்கும் தரை ஆகியவற்றைத் தனியே கேட்டறிய வேண்டும்.