ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்படும் கடிதம்



நமது பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த சிறிது நேரத்தில், முஅத்தின் ஒரு கடிதத்தை என் கையில் தருவதைத் தாங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். வெளியூர் ஜமாஅத்தின் லெட்டர்பேடில், முத்தவல்லியின் கையொப்பமும் முத்திரையும் இடப்பட்ட கடிதம். இன்னாரின் மகன் இன்னார், வயது இவ்வளவு, புற்றுநோயால் உயிருக்குப் போராடுகிறார், தாராளமாக உதவுங்கள் என்பது அதன் வாசகம். நான் அதை ஒலிபெருக்கியில் வாசிப்பேன். வாசலில் இருவர் துண்டு விரித்து நிற்பார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகிறேன். அக்கடிதத்தைக் கொண்டு வருபவரின் நிலை எத்தகையது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் அறிந்து கொண்டேன்.

என் தங்கையின் மகனுக்கு அப்போது ஏழு வயது. விட்டுவிட்டுக் காய்ச்சல், உடலெங்கும் நீலத் திட்டுகள். பரிசோதனையில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மச்சான் ஒரு பை கடையில் மாதச் சம்பளத்திற்கு நிற்பவர். காப்பீட்டு அட்டை இருந்தது. ஆயினும் போக்குவரத்து, வெளியில் அறை வாடகை, அட்டையில் அடங்காத மருந்துகள், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் என்று கைப்பணம் கரைந்து கொண்டே இருந்தது. தங்கையின் நகை போன பிறகு நானே கடிதம் எழுதி, ஊர் ஊராக ஜும்ஆவுக்குச் சென்றேன். பிள்ளையை நேரில் பார்த்தால்தான் மக்கள் மனமிரங்குவார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை அவனையும் அழைத்துச் சென்றோம். முடி கொட்டிய தலையில் தொப்பியுடன் அவன் முன் ஸஃப்பில் அமர்ந்திருக்க, கடிதம் வாசிக்கப்பட்டது. திரும்பும் வழியில் பேருந்தில் என்னிடம் கேட்டான்: "மாமா, நான் மவுத்தாப் போயிருவேன்னு ஏன் எல்லாருக்கும் சொன்னாங்க?"

அக்கடிதத்தை எழுதியவன் நான். அதே வாசகத்தைப் பிறர் பிள்ளைகளுக்காக எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்த நாட்களில் அவனுக்குத் தரப்படும் மருந்துகளின் பெயர்களை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொண்டேன். அவற்றுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அதன் பூர்வீகத்தை விசாரித்தபோது, அது நம் சென்னையைத் தொட்டுச் செல்லும் வரலாறு என்பதை அறிந்து வியந்தேன். நிதி திரட்டலைப் பற்றி நான் கற்றுக்கொண்டவையும் அந்த வரலாற்றில்தான் இருந்தன.

பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் சில நாட்கள் இடைவெளியில் மாண்டனர். மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல அவரிடம் பொருளில்லை. மாமனாரின் உதவியும், காக்கிநாடாவிலிருந்த ஓர் அறக்கட்டளையின் உதவியும் சேர்ந்து 1923-ல் அவரைப் பாஸ்டன் நகரில் கொண்டு சேர்த்தன. அங்கே மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைச் சுத்தம் செய்யும் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். பின்னர் லெடர்லி நிறுவனத்தில் அவருடைய தலைமையில் இயங்கிய குழுவினர், ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கக்கூடிய மாற்றுப் பொருட்களையும் அவர்களே உருவாக்கினர். அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அவ்வாறு பிறந்தவையே.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், 1947-ன் இறுதியில் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அந்நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்து போவதே வழக்கம். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது என்று 1948 ஜூன் மாதம் அவர் எழுதினார். அது தற்காலிகத் தணிவுதான். சில மாதங்களில் நோய் திரும்பியது. எனினும் வழி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. வழியில் நடக்கப் பணம் வேண்டுமே!

1948 மே 22 அன்று, அமெரிக்க வானொலியில் ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று ஃபார்பரின் நோயாளியான பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கட்டிலருகிலிருந்து ஒலிபரப்பானது. அச்சிறுவனுக்குக் குடலில் புற்றுநோய். அவன் விரும்பிய பேஸ்பால் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராக அவனுடைய அறைக்குள் நுழைந்து பேசினார்கள். அவன் சிரித்தான், பாடினான். அவ்வணியின் ஆட்டத்தைக் காண அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், அதற்காக 20,000 டாலர் நிதி சேர வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. சேர்ந்ததோ 2,31,000 டாலருக்கும் மேல்!

இதில் என் மனத்தைத் தைத்தது அந்தத் தொகையன்று. அச்சிறுவனின் உண்மைப் பெயர் அன்று சொல்லப்படவேயில்லை. 'ஜிம்மி' என்ற பொதுப் பெயரால் மட்டுமே அழைத்தார்கள். உயிருக்குப் போராடுகிறான் என்று அவன் காதுபட யாரும் சொல்லவில்லை. பெயர் மறைக்கப்பட்டதால் கொடுப்பவர் கை சுருங்கிப் போய்விடவும் இல்லை. அவன் இறந்திருப்பான் என்றே உலகம் எண்ணியிருந்தது. ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஐனர் குஸ்டாஃப்சன் என்ற பெயருடைய லாரி ஓட்டுநராக அவர் வெளிப்பட்டார். பேரக்குழந்தைகளைக் கண்டு, 2001-ல் தம் 65-ஆம் வயதில் பக்கவாதத்தால் காலமானார். அவர் பெயரால் தொடங்கிய 'ஜிம்மி நிதி' இன்றளவும் இயங்கி வருகிறது. சுப்பாராவோ அந்த ஒலிபரப்பு நடந்த அதே 1948-ல், ஆகஸ்ட் மாதம் உறக்கத்திலேயே மரணமடைந்தார். தம் உழைப்பால் எத்தனை குழந்தைகள் பிழைப்பார்கள் என்பதைக் காண அவருக்கு ஆயுள் இல்லை.

சுப்பாராவ் பாஸ்டனில் இறங்கிய அதே 1923-ஆம் ஆண்டு, அவர் பயின்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்னர் பட்டம் பெற்ற ஒரு பெண்மணி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் மருத்துவராகி, 1927-ல் சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்தவர். தாமே மருத்துவராக இருந்தும், மலக்குடல் புற்றுநோயால் தங்கை துடித்ததைப் பார்த்துக் கொண்டிருக்க நேர்ந்தது அவருக்கு ஆறாத வேதனையாயிற்று. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே வேண்டுகோள் விடுத்தார். ஆட்சியாளர்கள் செவிசாய்க்கவில்லை. புற்றுநோய் வந்தவர் இறக்கத்தான் போகிறார், அதற்கு எதற்கு மருத்துவமனை என்ற மனப்பான்மையே அன்று அமைச்சர் மட்டத்திலும் நிலவியதாகப் பிற்காலத்தில் டாக்டர் சாந்தா நினைவுகூர்ந்திருக்கிறார். குறை சொல்வதற்கு நமக்கு வாயில்லை. நம் வீடுகளில் இன்றும் அந்நோயின் பெயரைச் சொல்லாமல் "அந்த நோய்" என்றுதானே கூறுகிறோம்?

அம்மையார் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதியை ஏற்படுத்தி, பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அம்மையாருக்கு அப்போது வயது 67. தங்கை இறந்து முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டிக் காத்தார். 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார். அடையாறு என்றாலே புற்றுநோய் மருத்துவமனை என்னும் அளவுக்கு அது வளர்ந்தது. நமது மஹல்லாவாசிகளில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருக்கிறார்கள்!

ஒருவர் கண்ட நோயிலிருந்து நிரந்தர நிதி பிறப்பது நம் முன்னோருக்கும் புதிதன்று. மன்னராவதற்கு முன் கலாவூன் திமிஷ்கில் கடும் நோயுற்றபோது, சுல்தான் நூருத்தீன் 1154-ல் நிறுவிய மாரிஸ்தானின் மருந்தால் குணமடைந்தார். தாம் ஆட்சிக்கு வந்தால் இதுபோன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்து கொண்டு, 1284-ல் கெய்ரோவில் கட்டி முடித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அதன் செலவுக்குக் கடைகள் முதலிய சொத்துக்களின் வருமானத்தை வக்ஃப் செய்தார். நோயாளியின் பெயரை எங்கும் வாசித்து வசூலிக்க வேண்டிய அவசியமே அங்கு எழவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் பெரும்பான்மையான வகைக்குச் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டுகள் நீளும். முதல் சில மாதங்கள் மருத்துவமனை வாசம். பிறகு வீட்டிலிருந்தே மாத்திரை, இடையிடையே பரிசோதனை. நமது வசூலோ ஒரே ஒரு ஜும்ஆவில் முடிந்துவிடுகிறது. முதல் மாதத்தில் கை நிறையக் கொடுக்கிறோம். பத்தாவது மாதத்தில், பிள்ளை தெளிவாக இருக்கிறான் என்று எண்ணிப் பேருந்துக் கட்டணத்திற்கு வழியில்லாத பெற்றோர் மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்தும்போது, நம்மில் ஒருவரும் அருகில் இல்லை. பாதியில் விட்ட சிகிச்சைக்குப் பின் திரும்பும் நோய் மிகக் கடினமானது. தமிழகத்தில் 2009-ல் தொடங்கிய அரசு காப்பீடு, 2012-ல் விரிவாக்கப்பட்டு, 2018-ல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்து, தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆகவே நம்மிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் லட்சங்கள் அல்ல. மாதாமாதம் தவறாமல் சில ஆயிரங்கள்.

இதனை முன்வைத்துத்தான் சென்ற பொதுக்குழுவில் பைத்துல்மாலின்கீழ் மருத்துவத்திற்கெனத் தனிக் கணக்கு தொடங்க வேண்டினேன். ஜகாத் பணத்தையும் பொது ஸதக்காவையும் ஒரே பையில் போடலாகாது. ஜகாத் எட்டுப் பிரிவினருக்கே உரியது. ஏழையும் கடன்பட்டோரும் அவர்களுள் அடங்குவர் என்பதால் நோயாளியின் குடும்பத்திற்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் தகுதியை விசாரித்து அவர்கள் கையிலேயே ஒப்படைக்க வேண்டும். ஆகவே இரண்டு பதிவேடுகள் வைக்கப்பட்டுள்ளன. பெயரின்றி வாசித்தால் யார் நம்புவார்கள் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. போலிக் கடிதங்கள் வந்ததையும் நாம் அறிவோம். மருத்துவச் சான்றுகளை நிர்வாகிகள் மூவர் நேரில் சரிபார்ப்பது, ஒலிபெருக்கியில் வயதையும் தேவையையும் மட்டும் அறிவிப்பது என்று முடிவாயிற்று.

என் மருமகனுக்கு இறைவன் அருளால் சிகிச்சை நிறைவுற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பரிசோதனைக்கு மட்டும் சென்று வருகிறான். அவனுக்காகத் திரட்டியதில் 17,400 ரூபாய் எஞ்சியது. கொடுத்தவர்கள் பல ஊர்களைச் சேர்ந்த முகம் தெரியாதவர்கள். திருப்பிக் கொடுக்க வழியில்லை. எந்த நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்டதோ அதே வகையில் செலவிடுவதே முறை என்பதால், அத்தொகையைச் செயலாளரிடம் ஒப்படைத்தேன். இவ்வறிக்கையின் வரவுப் பகுதியில் மருத்துவ உதவிக் கணக்கின் முதல் வரியாக, பெயர் ஏதுமின்றி அது பதிவாகியுள்ளது. அதற்கு நேரே செலவுப் பகுதியில் மூன்று வரிகள் உள்ளன. மூன்றாவது, நம் தெருப் பிள்ளை ஒருவருக்கு மாதம் இருமுறை சென்னை சென்று வரும் பயணச் செலவு. அது அடுத்த ஆண்டு ரமளான் வரை தேவைப்படும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.