கரிவலம்வந்தநல்லூர்: சரித்திரமும் குடிமதிப்பும்

ஓர் ஊரை அறிவதற்கு இரண்டு வினாக்கள் வேண்டும். அவ்வூர் எவ்வாறு உண்டாயிற்று என்பது ஒன்று. அங்கே வாழ்ந்தவர் யாவர், எத்துணையர் என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை சரித்திரம். பின்னதற்கு விடை குடிமதிப்பு. நமது சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குக் கரிவலம்வந்தநல்லூரும் அதன் சுற்றுப்புறமும் பூர்வீகமாதலின், அவ்வூரைக் குறித்து இவ்விரு வினாக்களையும் ஆராய்தல் நமக்குக் கடமையாகும்.

சங்கரன்கோவிலினின்று இராஜபாளையம் செல்லும் பெருவழியில், நிட்சேப நதிக்கரையில் அமைந்தது இவ்வூர். நெடுங்காலம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் முதல் தென்காசி மாவட்டத்திற்குட்பட்டது. கரியாகிய யானை இறைவனை வலம்வந்து வழிபட்டமையால் இப்பெயர் எய்திற்று என்பது ஸ்தல வரலாறு. திருக்கருவை என்பது இலக்கிய வழக்கு. இறைவர் பால்வண்ணநாதர், இறைவி ஒப்பனையம்மை. தென்பாண்டி நாட்டில் ஐம்பூதங்களுக்குரியவாகப் போற்றப்படும் ஐந்து ஸ்தலங்களுள் சங்கரன்கோவில் நிலத்திற்கும், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பிற்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றிற்கும், தேவதானம் ஆகாயத்திற்கும் உரியனவாம்.

மதுரையை இழந்த பாண்டியர் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பிற்காலத்தில் இவ்வூர் பெருஞ்சிறப்பு எய்திற்று. 1564இல் முடிசூடிய அதிவீரராம பாண்டியர் நைடதமும் நறுந்தொகையும் இயற்றியவர். அவருடைய உறவினராகிய வரதுங்கராம பாண்டியர் பிரமோத்தர காண்டத்தைத் தமிழிற் பாடியவர். திருக்கருவையின்மீது பதிற்றுப்பத்தந்தாதி, கலித்துறையந்தாதி, வெண்பாவந்தாதி என மூன்று அந்தாதிகள் உள்ளன. இவற்றைச் சிலர் அதிவீரராமருக்கும் சிலர் வரதுங்கருக்கும் உரியனவாகக் கூறுவர். யார் பாடினும், சிற்றூர் ஒன்று அரசகவிகளால் மும்முறை பாடப்பெற்ற பெருமை சிறிதன்று.

பாண்டியருக்குப் பின்னர்ப் பாளையக்காரர் ஆட்சி வலுத்தது. அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலிலிருந்து ஆண்ட பூலித்தேவர், 1755இல் கர்னல் ஹெரான் படையெடுத்து வந்து கப்பம் கேட்டபோது அதனைக் கொடுக்க மறுத்தார். யூசுப்கானோடு அவர் நிகழ்த்திய போர்கள் 1761 வரையில் இந்நாட்டை அலைக்கழித்தன. 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஆட்சி முழுமையும் கும்பினியாருக்குச் சென்றது. எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. அவையும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. 1927இல் விருதுநகர்-தென்காசி இருப்புப்பாதை இப்பக்கத்தே ஓடத் தொடங்கியது. மழை பொய்த்த ஆண்டுகளில் உழவர் பிழைப்புத்தேடி வெளியூர் செல்ல அஃதொரு வழியாயிற்று.

இதுகாறும் கூறியது அரசர் சரித்திரம். ஆயினும், ஏர் பிடித்தவரும், தறி நெய்தவரும், குளத்து மடையைக் காத்தவரும், கோவில் மதிலுக்குக் கல் சுமந்தவரும் எத்துணையர் என்று அது நமக்குச் சொல்லாது. ஆதலின் குடிமதிப்பை நாட வேண்டும்.

சென்னை இராஜதானியில் முறையான குடிமதிப்பு 1871இல் தொடங்கிப் பத்தாண்டுக்கொருமுறை நடந்து வந்தது. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931ஆம் ஆண்டினது. 1941இல் சாதி கேட்கப்பட்டும், யுத்த காலமாதலின், அக்கணக்கு வகுத்து வெளியிடப்படவில்லை. சுதந்திரத்திற்குப் பின் 1951 முதல் பட்டியல் சாதியினரும் பழங்குடியினருமே தனித்தனியாக எண்ணப்பட்டனர். 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கில் சாதித் தொகை வெளிவரவில்லை. ஆகவே இவ்வூரில் எம்மவர் இத்துணை ஆயிரவர், உம்மவர் இத்துணை நூற்றுவர் என்று மேடைகளில் முழங்குவோர் ஒன்றில் தொண்ணூறாண்டுக்கு முந்திய கணக்கைக் கூறுகின்றனர். அன்றேல் தம் ஆசையைக் கணக்கென்று கூறுகின்றனர்.

பழைய கணக்குகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சாதிகளை மேல் கீழென வரிசைப்படுத்த அதிகாரிகள் முற்பட்டனர். அதுமுதல் நாடெங்கும் சாதிச் சங்கங்கள் தத்தமக்கு உயர்ந்த பெயரும் உயர்ந்த வருணமும் வேண்டி விண்ணப்பங்கள் அனுப்பின. பெயர் மாறியபோது ஒரு வகுப்பினர் ஒரு பத்தாண்டில் பெருகியதுபோலவும் மற்றொரு பத்தாண்டில் குறைந்ததுபோலவும் தோன்றிற்று. ஜனங்கள் பெருகவுமில்லை, குறையவுமில்லை. ஏட்டில் எழுதிய பெயரே மாறியது. நம்மனோர் சங்கங்களும் இப்பிழைக்குப் புறம்பானவை அல்ல என்பதை நாம் நாணாது ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இனிச் சரித்திரத்திற்கு நேர்ந்த கேட்டையும் கூறுவோம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் பழஞ்சுவடிகளைத் தேடி இவ்வூருக்கு வந்த செய்தி அவர்களுடைய ‘என் சரித்திர’த்தில் உளது. பாண்டிய அரசர் ஒருவருடைய ஏடுகள் கோவிலைச் சேர்ந்து அங்கே இருந்தன என்று கேட்டு அவர்கள் ஆவலோடு சென்று விசாரித்தார்கள். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக விடை கிடைத்தது. எரித்தவர் பகைவரல்லர், சாஸ்திரப்படி நற்காரியம் செய்வதாகவே எண்ணியவர். நெருப்புக்குரிய ஸ்தலத்தில் நெருப்பே நம் நூல்களை உண்டது. அரசன் சேமித்த ஏடுகளுக்கே இக்கதியாயின், குடியானவன் பரணிற் கிடந்த ஓலையின் கதியைக் கூறவும் வேண்டுமோ?

அத்தீ இன்னும் அணையவில்லை. ஊர்க்கணக்கைப் பரம்பரையாக வைத்திருந்த கர்ணம் பதவி 1980இல் எடுபட்டது. பழைய கிரயச் சீட்டு, பாகப்பிரிவினைப் பத்திரம், திருமண ஓலை, மொய்க்கணக்கு ஆகியவை வீடு இடிக்கும்போதெல்லாம் குப்பையில் வீழ்கின்றன. நாம் எரிக்கவில்லை, ஆயினும் எறிகின்றோம். பயன் ஒன்றே.

மத்திய அமைச்சரவை 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், அடுத்த குடிமதிப்பில் சாதியையும் எண்ணுவதென்று முடிவு செய்தது. அக்கணக்கிற்குரிய நாளாக 2027 மார்ச்சு 1 அறிவிக்கப்பட்டது. பள்ளி, உத்தியோகம், உதவித்தொகை முதலியவை இக்கணக்கைப் பற்றி நிற்குமாதலின், இது விளையாட்டன்று. குடிமதிப்பாளரிடம் ஒரே வீட்டார் ஒருவர் பட்டப்பெயரும், ஒருவர் உட்பிரிவின் பெயரும், ஒருவர் பெருமைக்கேற்ற பெயரும் கூறுவாராயின், நம் தொகை சிதறும். பிறர் தொகையைக் குறைத்து நம்மதைக் கூட்ட முயல்வோமாயின், நம் சொல்லை எவரும் நம்பார். உண்மைப் பெயரை உள்ளவாறு கூறுதலே நன்மையும் நீதியுமாம்.

சரித்திரம் எழுதும்போதும் இந்நீதி வேண்டும். நம் முன்னோர் செய்த திருப்பணியை எழுதுக. அத்திருப்பணியில் உழைத்தும் கோவிலுள் புக இடம்பெறாது வாயிலுக்கு வெளியே நின்ற வகுப்பினரையும் எழுதுக. 1939இலும் 1947இலும் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வேண்டியிருந்தன என்பதே அவர் பட்ட தாழ்விற்குச் சாட்சி. அவர்களை விடுத்து எழுதும் ஊர்ச்சரித்திரம் ஊரின் சரித்திரமாகாது. ஒரு தெருவின் புகழ்ச்சியேயாகும்.

ஆதலின் அங்கத்தினர்களுக்கு நாம் செய்யும் விண்ணப்பம் இதுவே. இல்லந்தோறும் மூத்தோரை அமர்த்தி, பாட்டனார் பிறந்த ஊர், செய்த தொழில், கொண்டு கொடுத்த ஊர்கள், வெளியூர் சென்ற காரணம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுக. பாட்டிமார் சொல்வதைத் தனியே எழுதுக. பெண்கள் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஆகிய இரண்டின் கதையும் அறிந்தவர். கேட்டதைக் கேட்டதென்றும், பத்திரத்திற் கண்டதைக் கண்டதென்றும் பிரித்துக் குறிக்க. ஓலையேனும் பத்திரமேனும் கிடைப்பின், படியெடுத்த பின்னரே பிறிதொன்று கருதுக. சென்னையில் 1869இல் தோன்றிய அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நிலையமும், ஐயரவர்கள் பெயரால் அமைந்த நூல்நிலையமும் சுவடிகளைப் பேணி வருகின்றன.

பால்வண்ணநாதர் சந்நிதியில் எரிந்த ஏடுகளை இனி எவராலும் மீட்டல் இயலாது. நம் வீட்டுப் பெட்டியில் எஞ்சியிருப்பதைக் காத்தல் இயலும். குடிமதிப்பாளர் நம் வாயிலுக்கு வருமுன் அப்பெட்டியைத் திறந்து பார்ப்போமாக.