பெயர் கேட்காத மேற்பார்வை: அட்டவணை ‘கே’யின் இனம் 5ஏ-யும் அரசு மருத்துவமனை மருந்தாளுநரின் பணி உயர்வும்

அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர் ஏன் தலைமைப் பொறுப்புக்கு வருவதில்லை என்ற கேள்விக்கு ஆய்வுலகம் நெடுங்காலமாக ஒரே விடையைச் சொல்லிவருகிறது: படிப்பு போதவில்லை. இரண்டாண்டு டி.பார்ம் பட்டயத்தோடு பணியில் சேர்பவரால் சிகிச்சை பற்றி மருத்துவரோடு உரையாட இயலாது. படிப்பை உயர்த்தினால் பதவி தானே உயரும் என்பது அதன் சாரம். 2008இல் ஆறாண்டு பார்ம்.டி படிப்பு வந்தபோது இந்த நம்பிக்கை இன்னும் வலுத்தது. 2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு மருந்து ஆலோசனை வழங்குவதை மருந்தாளுநரின் கடமையாக்கியபோது, மீதமிருந்த தடையும் நீங்கியதாக எழுதப்பட்டது.

இந்த விடை முழுவதும் தவறு என்று சொல்ல நான் துணியவில்லை. ஆனால் அது காரணத்தை இடம் மாற்றி வைக்கிறது என்பதே என் கருத்து. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அட்டவணை ‘கே’யில் உள்ள இனம் 5ஏ, அரசு மருத்துவமனை மருந்தகத்துக்கு விற்பனை உரிமம் வேண்டியதில்லை என்று விலக்களிக்கிறது. இதுவரை இவ்விலக்கு நிர்வாக வசதிக்கான சிறு ஏற்பாடாகவே படிக்கப்பட்டது. மருந்தாளுநரின் பணிவாழ்வுக்கு மேல்வரம்பு இட்ட விதியாக அதைப் படிக்க வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

படிப்பு என்னும் விளக்கம் எங்கே தளர்கிறது

படிப்பே தடை என்றால், படித்தவர் வந்த இடங்களில் பதவியின் வடிவம் மாறியிருக்க வேண்டும். மருந்தினால் விளையும் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010இல் டெல்லி எய்ம்ஸை மையமாகக் கொண்டு தொடங்கி, 2011இல் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்துக்கு மாறியது. அதன் கண்காணிப்பு மையங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் துறைகளிலேயே அமைந்தன. பார்ம்.டி படித்தவர்கள் பலர் அங்கே பணியாற்றுகிறார்கள். பொறுப்பு மருத்துவப் பேராசிரியரிடம் இருக்கிறது. தேவையான படிப்பு உடையவர் அதே கட்டடத்திலேயே இருந்தும், தலைமைப் பொறுப்பு மருந்தகத்தின் பக்கம் வரவில்லை.

உதகமண்டலத்தின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1990களின் பிற்பகுதியிலேயே அங்கு ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி, அரசுத் தலைமை மருத்துவமனையின் வார்டுகளுக்குள் மருந்தாளுநர் பணியைக் கொண்டு சென்றது. இந்திய அளவில் முன்னோடியான முயற்சி அது. ஆனால் அப்பணியைச் செய்தவர்கள் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும். மருத்துவமனையின் சொந்தப் பணியமைப்பில் அந்தப் பணிக்கென ஏணி எதுவும் எழவில்லை.

ஊதியம் மற்றொரு சான்று. ஆறாவது ஊதியக் குழுவை அடுத்து, மத்திய அரசு மருந்தாளுநர்களின் தர ஊதியம் 2 ஆண்டுப் பணிக்குப் பின் 2,800 ரூபாயிலிருந்து 4,200 ரூபாயாக உயர வழி செய்யப்பட்டது. வரவேற்க வேண்டிய உயர்வுதான். எனினும் பணிப் பொறுப்பில் எந்த மாற்றமும் இல்லாமலேயே கிடைக்கும் உயர்வு அது. ஊதியப் படியேறியவர் மறுநாளும் அதே சன்னலில், அதே மாத்திரைகளை எண்ணித் தருகிறார். படிப்பும் ஊதியமும் உயர்ந்த பின்னும் பொறுப்பு உயரவில்லை என்றால், தடை வேறிடத்தில் இருக்கிறது.

இனம் 5ஏ-யை வாசித்தல்

அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது ஆதரிக்கும் மருத்துவமனையும் மருந்தகமும் வழங்கும் மருந்துகளுக்கு விற்பனை உரிமம் தேவையில்லை என்கிறது இனம் 5ஏ. அதற்கு ஈடாக அது விதிக்கும் நிபந்தனைகள் நான்கு. மருந்து வழங்குதல் தகுதியுள்ள ஒருவராலோ அவரது மேற்பார்வையிலோ நடக்க வேண்டும். மருந்து வழங்கும் இடம் மருந்து ஆய்வாளரின் சோதனைக்குத் திறந்திருக்க வேண்டும். மருந்துகள் உரிய முறையில் சேமிக்கப்பட வேண்டும். உரிமம் பெற்ற உற்பத்தியாளரிடமோ வணிகரிடமோ வாங்கியவையாக, அல்லது அரசு வழியே வந்தவையாக அவை இருக்க வேண்டும்.

இந்த நான்கில் மூன்று பொருளைப் பற்றியவை. ஒன்று மட்டுமே ஆளைப் பற்றியது. அந்த ஒன்றும், தகுதியுள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. அவர் யார் என்று கேட்பதில்லை. அவர் பெயரை எவரிடமும் தெரிவிக்கச் சொல்வதில்லை. அவர் மாறினால் என்ன செய்வது என்பதும் அதில் இல்லை. மேற்பார்வை உண்டு, மேற்பார்வையாளர் இல்லை என்ற விசித்திரமான நிலையை இவ்விதி உண்டாக்குகிறது.

தெருமுனை மருந்துக் கடையை இதனோடு ஒப்பிட வேண்டும். சில்லறை விற்பனைக்கு விதி 64 கோரும் குறைந்த பரப்பு 10 சதுர மீட்டர். அச்சிறு கடைக்கு வழங்கப்படும் 20ஆம் படிவ உரிமத்தில் பொறுப்பாளரான மருந்தாளுநரின் பெயர் எழுதப்படுகிறது. பொதுமக்கள் கண்ணில் படும்படி அது மாட்டப்படுகிறது. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுப்பது அவரது நேரடி மேற்பார்வையில் மட்டுமே நடக்கலாம் என்கிறது விதி 65. ஆயிரம் படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனையில், புற்றுநோய் மருந்துகளும் இன்சுலினும் ஹெப்பாரினும் நாள்தோறும் புழங்கும் இடத்தில், இப்படி ஒரு பெயரை எழுத வேண்டிய சட்டத் தாள் எதுவும் இல்லை. ஆய்வாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்பவர் கண்காணிப்பாளர் அல்லது நிலைய மருத்துவ அலுவலர். மருந்தாளுநர் பதிவேட்டை எடுத்துக் காட்டுகிறார்.

பணியேணியின் குறை இங்கேதான் பிறக்கிறது. நிறுவனத்தில் ஒருவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடைப்பது, அந்த முடிவுக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதால். சட்டம் பதிலை மருத்துவரிடம் கேட்கும்போது, நிர்வாகம் அதிகாரத்தையும் அவரிடமே வைப்பது இயல்பு. தலைமை மருந்தாளுநர் என்ற பதவி இருக்கிறது. ஆனால் அவர் தலைமை தாங்குவது இருப்புக் கணக்குக்கும் பணிமுறைப் பட்டியலுக்கும். எந்த மருந்தை வார்டில் எப்படி வைப்பது, எந்தச் சீட்டைத் திருப்பி அனுப்புவது, எந்தப் பிழையை விசாரிப்பது என்பவை அவர் மேசைக்கு வருவதற்கான சட்டக் காரணம் இல்லை.

தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டதன் விளைவையும் இவ்வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொள்முதலும் தரப் பரிசோதனையும் கழகத்துக்குச் சென்றன. மருத்துவமனைகள் பாஸ்புக் முறையில் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து பெறுகின்றன. நாடே பின்பற்றிய நல்ல ஏற்பாடு அது. கொள்முதல் சுமை இறங்கிய மருந்தாளுநர் வார்டுக்குள் சென்றிருக்கலாம். அவரை அங்கே வரச் சொல்லும் விதி இல்லாததால், கைக்கு மிஞ்சியது இன்டென்ட் எனும் மருந்துக் கோரிக்கைப் படிவமும் பதிவேடும்தான்.

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு இக்குறையை நிரப்புகிறது என்று கருதுவோர் உண்டு. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலப்பதும் வழங்குவதும் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உரியது என அது சொல்வது உண்மை. ஆனால் அப்பிரிவு யார் கையால் மருந்து போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. யார் அதற்குத் தலைமை ஏற்பது என்பதைத் தொடவில்லை. தன் நோயாளிக்கு மருத்துவரே மருந்து கொடுக்கலாம், மாநில அரசின் அனுமதியோடு வேறு மருத்துவரின் நோயாளிக்கும் கொடுக்கலாம் என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. இனம் 5ஏ-யோடு சேர்த்துப் படித்தால், 42ஆம் பிரிவு மருந்தாளுநரின் வேலையைக் காக்கிறது, பதவியைக் காக்கவில்லை என்று தெரிகிறது.

ஒரே கட்டடம், ஒரே விதிகள்

இவ்வாசிப்பு ஊகம் மட்டுமே என்று ஒருவர் சொல்லலாம். அதற்கு எதிரான சான்று அதே மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் மனித இரத்தமும் ஒரு மருந்து. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ‘காமன் காஸ்’ வழக்கில் எல்லா இரத்த வங்கிகளும் உரிமம் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசு மருத்துவமனைக்குச் சொந்தமானது என்பதால் இரத்த வங்கிக்கு விலக்குக் கிடைக்கவில்லை. அதே மருந்து விதிகளின்படி 28சி படிவ உரிமத்தில் தொழில்நுட்பப் பணியாளர்களின் பெயர்கள் எழுதப்படுகின்றன. மருத்துவ அலுவலர், செவிலியர், தொழில்நுட்பர், தொழில்நுட்ப மேற்பார்வையாளர் என ஒவ்வொருவருக்கும் வேண்டிய தகுதியை அட்டவணை ‘எஃப்’ வரையறுக்கிறது. ஆய்வகத்தின் மூலையில் ஓர் அறையாக இருந்தது, தனக்கெனத் தலைவரும் தரநெறியும் கொண்ட துறையாக வளர்ந்தது. எச்.ஐ.வி. அச்சமும் அறிவியல் வளர்ச்சியும் இதில் பங்காற்றின என்பதை மறுக்க முடியாது. ஆயினும் பெயர் எழுதப்பட்ட பின்னரே அப்பணியிடங்களைக் காலியாக விடுவது நிர்வாகத்துக்குக் கடினமாயிற்று.

எக்ஸ்ரே பிரிவும் அப்படியே. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் பெயர் குறித்த ஒரு பாதுகாப்பு அலுவலரைக் கோருகின்றன. நோயாளியைத் தொடும் அபாயம் உள்ள ஏனைய இடங்களில் ஆளைக் கேட்ட அரசு, மருந்தகத்தில் மட்டும் கேட்கவில்லை. மருந்து தொடர்பாகக் கேட்ட ஓரிடத்திலும் மருத்துவரையே கேட்டது. 2015இல் திருத்தப்பட்ட போதைமருந்து விதிகள், மார்ஃபின் போன்ற அத்தியாவசிய மருந்துகளை வைத்திருக்கும் நிறுவனத்தில் மருத்துவர் ஒருவருக்கே ஒட்டுமொத்தப் பொறுப்பைத் தந்தன.

மறுப்புகள்

கடைகளில் பெயர் எழுதப்பட்டும் அங்கே தலைமை வளரவில்லையே, சான்றிதழ் வாடகைக்கு விடப்படுகிறதே என்பது முதல் மறுப்பு. அங்கு உரிமையாளர் வேறு, பொறுப்பாளர் வேறு. வணிக இலாபம் இடையில் நிற்கிறது. பெயர் எழுதுவது போதுமான நிபந்தனை என்று நான் சொல்லவில்லை. அது இன்றியமையாதது என்றே சொல்கிறேன்.

தனியார் மருத்துவமனைகளில் உரிமம் இருந்தும் மருந்தாளுநர் கொள்முதல் மேலாளராகவே உயர்கிறார் என்பது இன்னும் கனமான மறுப்பு. இதை ஏற்கிறேன், இது என் வாதத்தைக் கூர்மையாக்கவும் செய்கிறது. எதற்காக ஒருவர் பெயர் எழுதப்படுகிறதோ அந்தத் திசையில்தான் பதவி வளரும். விற்பனைக்கான உரிமம் விற்பனைத் தலைவரையே உருவாக்கும். சிகிச்சையின் விளைவுக்கு மருந்தாளுநரும் பங்கேற்றுப் பொறுப்பேற்க வேண்டும் என்று மருந்தியல் பேராசிரியர்களான ஹெப்லரும் ஸ்ட்ராண்டும் 1990இல் எழுதினார்கள். அந்தப் பொறுப்பை ஏற்க நம் விதிகளில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

விலக்கை நீக்கினால் கிராமப்புற நிலையங்கள் முடங்கிவிடும் என்பது எளிதில் தீரும் கவலை. துணைச் சுகாதார நிலையங்களில் செவிலியரும் களப்பணியாளரும் மருந்து வழங்க அட்டவணை ‘கே’யில் இனம் 23 தனியே வழி செய்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு விலக்கு அப்படியே நீடிக்கலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும் அது நீங்க வேண்டும்.

கோர வேண்டியது பெரிய சீர்திருத்தம் அல்ல. இனம் 5ஏ-யில் ஐந்தாவது நிபந்தனை ஒன்று போதும்: குறித்த அளவுக்கு மேல் படுக்கைகள் உள்ள மருத்துவமனை, வார்டு இருப்பு, உயர் அபாய மருந்துகள், வழங்கல் பிழைகள் ஆகியவற்றுக்குப் பொறுப்பான மருந்தாளுநர் ஒருவரைப் பெயர் குறித்து உரிம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பெயருக்குரிய பதவி, அதற்குக் கீழே துணைப் பொறுப்புகள், அவற்றுக்கான தகுதிகள் ஆகியவை அதன் பின் வகுக்கப்பட்டே ஆக வேண்டும். பார்ம்.டி படித்தவருக்கு அப்போதுதான் மருத்துவமனைக்குள் ஓர் இருக்கை உண்டாகும். அதுவரை எத்தனை ஆண்டுப் படிப்பைக் கூட்டினாலும், கற்றவரை மருந்துச் சன்னலில் நிறுத்தும் ஏற்பாடே தொடரும். அந்த இழப்பு மருந்தாளுநரைவிட நோயாளிக்கே அதிகம்.