நியூயோர்க்கின் கோஷர் உணவுக்கடைகள்: ஒரு குடியேற்ற நிறுவனத்தின் தேய்வு

நியூயோர்க் நகர யூதரைப் பற்றி எழுதுவோர், 'டெலி' எனப்படும் இறைச்சியுணவுக் கடையைத் தொன்றுதொட்டு வந்த மரபொன்றின் சின்னமாகக் காட்டுவது வழக்கம். கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களிலிருந்து மூட்டை முடிச்சுக்களோடு அதுவும் கப்பலேறி வந்ததென்றே பலர் கருதுவர். வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 'டெலிக்கற்றெசன்' என்னும் பெயர் ஜேர்மன் மொழிக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பெயரில் அங்கு கடை நடத்தியோர் ஜேர்மனியக் குடியேறிகளே. உப்பும் வாசனைப் பொருட்களும் ஊட்டிப் புகையிடப்பட்ட 'பஸ்ற்றாமி' என்னும் மாட்டிறைச்சி ருமேனிய யூதர் கொணர்ந்தது. அதன் பெயரோ துருக்கியோடு தொடர்புடையது. போலந்திலும் ருஷ்யாவிலும் வாழ்ந்த வறிய யூதருக்கு இறைச்சி பெரும்பாலும் ஓய்வுநாளுக்கும் பண்டிகைக்கும் உரிய பண்டம். அதனை வாரநாளிலும் உண்ணும் வாய்ப்பு அமெரிக்காவிலேயே பரவலாயிற்று. எனவே டெலி ஐரோப்பாவின் எச்சமன்று, குடிபெயர்வின் படைப்பு. அதன் தேய்வும் இந்நோக்கிலேயே ஆராயத்தக்கது.

1881இல் ருஷ்யாவில் யூதருக்கெதிரான வன்செயல்கள் தொடங்கின. அன்றுமுதல் 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வாயிலை அடைக்கும்வரை இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்றனர். மன்ஹற்றனின் லோவர் ஈஸ்ற் சைட் பகுதியில் நெருக்குண்டு வாழ்ந்த இம்மக்களுக்கு இறைச்சி எத்துணை முக்கியமாயிற்று என்பதற்கு 1902ஆம் ஆண்டுக் கிளர்ச்சி சான்று. கோஷர் இறைச்சியின் விலை இறாத்தலுக்கு 12 சதத்திலிருந்து 18 சதமாக உயர்ந்தபோது, குடும்பப் பெண்கள் வீதியில் இறங்கி இறைச்சிக் கடைகளைப் பகிஷ்கரித்தனர். 1915இல் நியூயோர்க் மாநிலம், கோஷர் அல்லாததைக் கோஷர் என விற்பதைக் குற்றமாக்கியது. சட்டம் தேவைப்படுமளவுக்குச் சந்தையும் மோசடியும் பெருகியிருந்தன போலும்.

எனினும் டெலியின் பொற்காலம் இவ்வறிய குடியிருப்புக்குரியதன்று. இதனை அழுத்திக் கூறவேண்டும். தந்தையர் தையற்கூடங்களில் உழைக்க, ஓரளவு கைப்பணம் கண்ட பிள்ளைகள் புறூக்ளினிலும் பிறொங்ஸிலும் குடியேறினர். 1930களில் நகர மக்களில் ஏறத்தாழ நான்கிலொருவர் யூதர். அக்காலத்தில் நகரில் 1,500க்கு மேற்பட்ட கோஷர் டெலிகள் இருந்தனவென 2015இல் வெளிவந்த தம் நூலில் ரெட் மேர்வின் காட்டுகிறார். இரண்டாந் தலைமுறையினரில் பலர் செபக்கூடத்துக்கு ஒழுங்காகச் செல்லவில்லை. ஆயினும் இறைச்சியையும் பாலையும் கலக்கலாகாதென்ற விதியை மீற மனங்கொள்ளவில்லை. பாலற்ற தேநீர், றைத் தானியப் பாண், ஊறவைத்த வெள்ளரி, அயலவரின் இத்திஷ் மொழிப் பேச்சு ஆகிய இவற்றிடையே, மதம் தளர்ந்த பின்னும் இனவுணர்வு தளராதோர் கூடிய இடம் டெலி. அதன் வலிமையும் இதுவே. பின்னர் அதனை வீழ்த்திய பலவீனமும் இதுவே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த இடைநிலை கரையலாயிற்று. 1944ஆம் ஆண்டுச் சட்டம் போர்வீரருக்கு வழங்கிய கல்வி, வீட்டுக்கடன் வசதிகளும் புதிய நெடுஞ்சாலைகளும் குடும்பங்களைப் புறநகருக்கு இட்டுச் சென்றன. கறுப்பின மக்களின் வருகையால் வெள்ளையர் வெளியேறியமையும் இதனோடு இணைந்தது. நடந்து சென்று உண்ணும் வாடிக்கையாளரின்றி அயற்கடை நிலைக்குமா? பொதியிட்ட இறைச்சி பேரங்காடிகளில் கிடைத்தது. கடைக்காரரின் பிள்ளைகள் மருத்துவராயினர், சட்டத்தரணிகளாயினர். அதிகாலை முதல் நள்ளிரவுவரை நிற்கும் தொழிலை அவர்கள் விரும்பவில்லை. பெற்றோரும் விரும்பியிரார்.

வாடிக்கையாளரும் இருசாராராகப் பிரிந்தனர். ஒரு சாரார் கோஷர் விதியையே கைவிட்டு, இறைச்சியோடு பாற்கட்டியும் பரிமாறும் 'கோஷர் பாணி'க் கடைகளை நாடினர். மறுசாராரின் ஆசாரமோ இறுகியது. போருக்குப் பின் ஹங்கேரி முதலிய நாடுகளிலிருந்து வந்த ஹசிடிய யூதர், அறுத்த விலங்கின் நுரையீரல் ஒட்டுக்களற்று வழுவழுப்பாயிருத்தல் வேண்டுமென்னும் 'கிளாற்' விதியை வலியுறுத்தினர். ஓய்வுநாளிலும் திறந்திருந்த பழைய டெலி இவர்களுக்கு ஐயத்துக்குரியது. இவ்வாறு ஒரு சாராருக்குத் தேவையற்றதாகவும் மறுசாராருக்குத் தூய்மையற்றதாகவும் அது ஆயிற்று. உணவின் கொழுப்பு, வாடகை உயர்வு முதலிய காரணங்களும் உண்டு. அவை பிற உணவகங்களுக்கும் பொதுவானவை.

குயீன்ஸில் 1945இல் தொடங்கிய பென்ஸ் பெஸ்ற் 2018இல் மூடப்பட்டது. பிறொங்ஸில் 1953இல் தொடங்கிய லீப்மன்ஸ் அருகிய விதிவிலக்காக நிலைத்தது. மன்ஹற்றனின் இரண்டாம் அவெனியூவில் ஏபி லெபெவோல் 1954இல் தொடங்கிய கடை, வாடகைப் பிணக்கால் 2006இல் மூடப்பட்டு, 2007 டிசெம்பரில் வேறோரிடத்தில் மீளத் திறந்தது. பழைய கட்டடத்தில் வங்கிக் கிளையொன்று அமைந்தது. அதன் வாயிலின் முன் நடைபாதையில், இத்திஷ் நாடக மேடைக் கலைஞரின் பெயர்களைப் பொறித்து லெபெவோல் பதிப்பித்த நட்சத்திரக் கற்கள், வழிப்போக்கரின் காலடியில் தேய்ந்தவாறு எஞ்சிக் கிடந்தன.